நிலம் கேட்ட ஆட்சியர்

பஞ்சமி நிலம் என்றாலே செங்கல்பட்டு கிராமங்களில் ஒரு வெள்ளைக்காரரின் பெயரும் கூடவே வரும். அவர் ஜேம்ஸ் திரமென்ஹீர். 1853இல் பிறந்தவர். ஆங்கில அரசின் அதிகாரியாகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்தார்.

அன்றைய ஆட்சியரின் முதல் வேலை வரி வசூல். திரமென்ஹீர் அந்தக் கணக்கோடு நிற்கவில்லை. வரி தரும் வயலில் சேறு மிதித்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றும் விசாரித்தார். கண்டதையெல்லாம் 1891 அக்டோபரில் அறிக்கையாக எழுதி வருவாய் வாரியத்துக்கு அனுப்பினார்.

அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843லேயே அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் சில ரூபாய் கடனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு ஒருவரை ஆயுள் முழுக்கப் பண்ணையில் கட்டிப்போட்டது. சேரி மக்கள் குடியிருந்த மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தது. கூலி உயர்த்திக் கேட்டால் குடிசை போய்விடும். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலோ மிராசுதாருக்கே முன்னுரிமை. அவர் தானும் உழமாட்டார், பிறர் உழவும் விடமாட்டார். சேரிக்காரனுக்குச் சொந்த நிலம் வந்துவிட்டால் பண்ணைக்கு ஆள் கிடைக்காதே!

வறுமையின் வேர் நிலத்தில் இருக்கிறது என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். உழ நிலமும் குடியிருக்கச் சொந்த மனையும் படிக்கப் பள்ளியும் வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். மேலிடம் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30இல் நிலம் ஒதுக்கும் 1010ஆம் எண் அரசாணை வந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்வார்கள். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது இந்த நிலத்துக்கான நிபந்தனை.

இதை ஒரு வெள்ளைக்காரர் தந்த தானமாக மட்டும் நாம் பார்க்க வேண்டியதில்லை. அதே 1891 டிசம்பரில் அயோத்திதாசர் உதகையில் மாநாடு கூட்டிப் பத்துக் கோரிக்கைகளை முன்வைத்தார். நம் முன்னோர் வாய்மூடிக் கிடக்கவில்லை. கோட்டையின் காதில் விழாத சேரியின் குரலை எழுத்தில் ஏற்றியதுதான் திரமென்ஹீர் செய்த பெரும்பணி. 1912இல் அவர் மறைந்தார்.

அந்த நிலம் இன்று யாரிடம் இருக்கிறது? கடனுக்கும் மிரட்டலுக்கும் மோசடிப் பத்திரத்துக்கும் கைமாறிப் போனது ஏராளம். காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் ஊரின் பழைய 'அ' பதிவேட்டைப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நகல் கேளுங்கள். பஞ்சமி நிலம் இருந்தால் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு கிராம சபையில் எழுந்து கேளுங்கள். மீட்கக் கோரித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஆட்சியராக இருந்த ஒருவர் தன் மாவட்டத்துக்காக அன்று எழுதினார். ஊராட்சித் தலைவர்கள் தங்கள் ஊருக்காக இன்று எழுதட்டும்.