ஜோசப் பிரவுனும் எங்க ஊர் மில்லிங் மெஷினும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், தீர்த்தமலை)

நண்பர்களே, முதல் வருஷம் நாம் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தோமே, அதைச் சாதாரணத் தொழிலாளி கைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜோசப் பிரவுன். இவரை நான் கிளாஸில் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தப்பு பண்ணித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மலையடிவாரத்தில் என் மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஏலத்தில் பழைய அமெரிக்க மில்லிங் மெஷின் ஒன்றை எடுத்தார். கட்டரைப் பிடிக்கிற ஹோல்டர் உடைந்திருந்தது. டிப்ளமோ படிக்கிற மருமகன் இருக்கானே என்று பணத்தை என்னிடம் கொடுத்தார். ஸ்பிண்டில் வாயில் ஸ்கேலை வைத்தேன், 18 மி.மீ. சொச்சம். மோர்ஸ் டேப்பர் 2-தான் என்று முடிவு கட்டி, சென்னை வரை போய் வாங்கி வந்தேன். மாட்டினால் உள்ளே லொடலொடன்னு ஆடுது! கடையில் திருப்பி எடுக்கவில்லை. மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்தது.

ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர்தான் வழி சொன்னார். வாயை அளக்காதே, சரிவை அள. உடைந்த ஹோல்டரில் 60 மி.மீ. தள்ளி இரண்டு இடத்தில் விட்டம் எடுத்தேன். வித்தியாசம் 2.5 மி.மீ. அதாவது 24-க்கு 1. மோர்ஸாக இருந்தால் 3 மி.மீ. வந்திருக்கும். சின்ன முனை 15.24 மி.மீ., அதாவது 0.600 அங்குலம். ஹேண்ட்புக் அட்டவணையில் அது பிரவுன் அண்டு ஷார்ப் 7-ம் நம்பர்! யார் இந்தப் பிரவுன் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

1810-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் வாரன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா டேவிட் கடிகாரம் செய்பவர். 1833-ல் அப்பாவும் மகனும் பிராவிடன்ஸ் நகரில் கடிகாரக் கடை நடத்தினார்கள். பிரவுனுக்கு அளவு மேல்தான் ஆசை. 1850-ல் அளவுகோலில் தானாகக் கோடு போடும் இயந்திரம் செய்தார். அடுத்த வருஷமே ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரை காட்டும் வெர்னியர் காலிப்பர். அவரிடம் தொழில் பழக வந்த லூசியன் ஷார்ப் 1853-ல் பங்குதாரரானார்.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. பக்கத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் துளை போட ட்விஸ்ட் டிரில் தேவை. டிரில்லின் முறுக்குப் பள்ளத்தை அப்போது வட்ட அரத்தால் கையாலேயே ராவிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரில்லுக்கு எவ்வளவு நேரம், யோசிச்சுப் பாருங்க! அங்கிருந்த ஃபிரெடரிக் ஹோவ், பிரவுனிடம் இதற்கு வழி கேட்டார். மேஜை சாய்ந்து திரும்ப, டிவைடிங் ஹெட்டை மேஜை நகரும் ஸ்குரூவோடு பல்சக்கரத்தால் இணைத்து, வேலைப்பொருள் நகர நகரச் சுழலும்படி செய்தார் பிரவுன். அதுதான் யுனிவர்சல் மில்லிங் மெஷின். முதல் மெஷின் 1862 மார்ச் 14-ல் அந்தத் தொழிற்சாலைக்கே விற்கப்பட்டது. பரீட்சையில் இன்டெக்ஸிங் கணக்குப் போட்டுத் திணறும்போது யாரை நினைப்பது என்று இப்போது தெரிந்திருக்கும்!

1867-ல் பாரிஸ் கண்காட்சிக்கு இந்த மெஷின் போனது. போன இடத்தில் பிரெஞ்சுக்காரரான பால்மரின் மைக்ரோமீட்டரைப் பார்த்து, ஊர் திரும்பி அதையும் செய்து விற்றார்கள். யுனிவர்சல் கிரைண்டிங் மெஷின் உருவான 1876-லேயே, ஜூலை 23-ல், பிரவுன் காலமானார். வயது 66.

அந்தக் காலத்தில் பொதுத் தரம் கிடையாது. ஆளுக்கொரு சரிவு. மோர்ஸ் கம்பெனி ஒன்று, பிரவுன் கம்பெனி ஒன்று. இப்போது நாம் பார்க்கிற ஐ.எஸ்.ஓ. 40, 50 எல்லாம் 24-க்கு 7 சரிவு. 1920களின் கடைசியில்தான் அமெரிக்க மெஷின் கம்பெனிகள் சேர்ந்து அதற்கு வந்தன.

7-ம் நம்பர் ஹோல்டர் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் நம் ஒர்க்‌ஷாப்பிலேயே லேத்தில் காம்பவுண்ட் ஸ்லைடை 1 டிகிரி 12 நிமிஷத்துக்கு ஒட்டி வைத்துக் கடைந்தேன். டிரா பார் மரை அங்குல மரையா, மில்லிமீட்டர் மரையா என்று இந்தத் தடவை முதலிலேயே கேஜ் வைத்துப் பார்த்துக்கொண்டேன். புளூ தடவிப் பார்த்ததில் முதல் பீஸ் வாய்ப்பக்கம் மட்டும்தான் தொட்டது. இரண்டாவது பீஸ் முழுநீளத்துக்கும் உட்கார்ந்தது.

சென்னையில் வாங்கின மோர்ஸ் ஹோல்டர் மாமா பட்டறையில் இன்னும் தொங்குகிறது. யார் கேட்டாலும் மருமகன் வாங்கினது என்கிறார்.