பாட்டே இல்லாத படம் எடுத்த வீணை மேதை

எஸ். பாலசந்தர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது வீணைதான். 1927-இல் சென்னையில் பிறந்தவர். குரு யாரும் இல்லாமல் தானே வீணை பழகியவர். சிறுவனாகவே 'சீதா கல்யாணம்' படத்தில் கஞ்சிரா வாசித்தவர்.

அவர்தான் 1954-இல் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்' என்ற மர்மப் படத்தை இயக்கினார். டஜன் பாட்டுகள் இல்லாமல் படமே இல்லை என்றிருந்த காலத்தில் பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார்! சுட்டது யார் என்று ஜாவர் சீதாராமன் துப்பறிய, ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாட்டு எங்கே என்று கொட்டகையில் கூச்சல் போட்டவர்களும் உண்டு.

1943-இல் ஜப்பான் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் நடக்கும் கதை இது. சிவாஜிக்கு ஜப்பானுக்கு உளவு சொல்லும் பொறியாளர் வேடம். சென்னைக்கு அது ஒரு ராத்திரி பயம். பேராக் தோட்டங்களில் இருந்து சயாம் மரண ரயிலுக்கு ஆள்களைப் பறிகொடுத்த நமக்கோ அது வீட்டுக் கதை.

பின்னர் 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்' என்று மர்மப் படங்களே எடுத்தார். பிறகு முழுக்க வீணைதான். 1982-இல் பத்மபூஷண் கிடைத்தது. 'அந்த நாள்' வெளியான அதே ஏப்ரல் 13-இல், 1990-ஆம் ஆண்டு, பிலாய் நகரில் மாரடைப்பால் காலமானார். வயது 63.