மண் பிசைந்த ஆசான்

சென்னைக் கடற்கரையிலே நால்வர் நிற்கின்றனர். நிற்கின்றனரா? இல்லை, நெம்புகின்றனர்! பாறையொன்றைப் பெயர்த்தெடுக்க, நரம்பு புடைக்க, முதுகு வளையப் பாடுபடுகின்றனர். வெண்கலத்தால் ஆன அந்த நால்வருக்கும் பட்டமில்லை, பரம்பரைப் பெருமை இல்லை. உழைப்பாளர் என்பதே அவர்தம் பெயர்.

இதே நகரில் கவர்னர் மன்றோவுக்கு 1839-லேயே சிலை எழுந்தது. அவரைச் சுமந்த குதிரைக்கும் இடம் கிடைத்தது. பாறை புரட்டுபவனோ 1959 வரை, 120 ஆண்டுகள், காத்திருந்தான். அவனுக்கு இடம் தேடித் தந்த கை யாருடையது?

தேவி பிரசாத் ராய் சௌத்ரியுடையது! இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்கப்பூரில், 1899-இல், ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். ஏவினால் ஓடிவர ஆட்கள் நிறைந்த குடியிலே பிறந்தவர், தம் கையையே நம்பினார். ஓவியத்தை அபனீந்திரநாத் தாகூரிடமும் சிற்பத்தை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடமும் பயின்றார். 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவரானார். வெள்ளையரே வீற்றிருந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்.

அமர்ந்தார் என்றோம், அமர்ந்தே இருந்தாரா? இல்லை! பாடத்தை வாயால் ஒப்பித்துவிட்டு வெளியேறும் வாத்தியார் அல்லர் அவர். தூரிகை பிடித்துக் காட்டினார். களிமண் பிசைந்து காட்டினார். மாணவர் கண்முன்னே வேலை நடந்தது. முதலில் இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு. அதன்மேல் ஈரமண், பிடி பிடியாக. விலா எழும், தோள் திரளும். சரியில்லையேல் வழித்தெறிந்து மீண்டும் தொடக்கம்! மண் வெடிக்காதிருக்க இரவிலே ஈரத்துணிப் போர்வை. பிறகு சாந்து அச்சு, கடைசியில் வெண்கல வார்ப்பு.

முடிந்த சிலையைக் காண்பவன் வியப்பான். முடியாத சிலையைக் காண்பவனே கற்பான். எங்கே பிசகியது, எப்படித் திருந்தியது என்பதை முடிந்த சிலை மறைத்துவிடும்; வளரும் சிலை ஒளிக்காமல் சொல்லும். அப்படிக் கற்றவர்களிலே ஒருவர், பின்னர் சோழமண்டலம் கண்ட பணிக்கர். மற்றொருவர், தந்தை பெரியாரின் திருவுருவை வடித்த தனபால்.

1942-இல் பாட்னாவில் குண்டடிபட்டு மாண்ட ஏழு மாணவருக்கு உருவம் தந்ததும் இவரே. உழைப்பாளர் சிலைக்கு நின்று காட்டியவர்களிலே கலைப்பள்ளிக் காவலாளியும் ஒருவர். ஜமீன் வீட்டுப் பிள்ளை, வாயில் காப்போனைப் பார்த்துப் பார்த்து மண்ணிலே வடித்தார்! 1923-இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய கடற்கரைக்கு அவன் வெண்கலமாகி வந்து சேர்ந்தான்.

1958-இல் பத்மபூஷண் வந்தது. 1975-இல் மரணம் வந்தது.

கையால் உழைப்பவன் கீழோன் என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் கெடுத்தனர். அந்தப் பொய்யை மேடையேறி மறுக்கிறோம் நாம். அவரோ வகுப்பறையில், கையிலே மண்ணோடு, 28 ஆண்டுகள் மறுத்தார். ஓவிய வகுப்புத்தானே, கணக்குப் போடட்டும் என்று அந்த நேரத்தைப் பறிக்கும் பள்ளிகளுக்குச் சொல்வோம்: பிள்ளைகளின் கையிலே கொஞ்சம் மண் படியட்டும்!