கருவின் கதை சொன்ன பேராசிரியர் பஞ்சானன் மகேஷ்வரி

வெயிலுக்குப் பேர்போன நம் ஆம்பூர், வேலூர் வட்டாரத்தில் இளநீர் குடிக்காதவர் இரார். குடித்து முடித்து, வழுக்கையையும் சுரண்டித் தின்றுவிட்டு மட்டையை வீசிவிடுகிறோம். அந்த நீர் யாருக்காகச் சேர்த்து வைக்கப்பட்டது என்று நினைத்துப் பார்த்ததுண்டா? பிறக்கப் போகும் தென்னங்கன்றுக்குத் தாய்மரம் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. அதில் எண்ணற்ற உட்கருக்கள் செல் சுவரே இல்லாமல் மிதந்துகொண்டிருக்கின்றன. சுவர் எழும்பிச் செல்களாகிவிட்ட பகுதிதான் வழுக்கை. நம் பாடநூலில் கருவூண் திசு என்று வருகிறதே, அது இதுவேதான்.

பூவுக்குள் கரு எப்படி உண்டாகிறது, அது எதைத் தின்று வளர்கிறது என்று ஆராய்வதே தாவரக் கருவியல். இத்துறையில் உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்தவர் நம் பாரத நாட்டுப் பேராசிரியர் பஞ்சானன் மகேஷ்வரி. இவர் 1904-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரில் பிறந்தார். மேற்படிப்புக்காக அலகாபாத் நகரம் சென்று, அங்கே யூயிங் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர் வின்ஃபீல்ட் டட்ஜன் என்னும் அமெரிக்க மிஷனரி ஆசிரியர். 1920-இல் இந்தியத் தாவரவியல் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவரும் இவரே. கடல் கடந்து வந்த அந்த ஆசிரியர், தம் மாணவன் தம்மையும் மிஞ்சி வளர்ந்தால் அதைவிடத் தமக்கு மகிழ்ச்சி வேறில்லை என்று ஒருமுறை சொன்னாராம். அதைக் கேட்டு நெகிழ்ந்த மகேஷ்வரி, தாங்கள் செய்ததற்குக் கைம்மாறாக நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். நான் உனக்குச் செய்ததை நீ உன் மாணவர்களுக்குச் செய் என்பதே குருவின் விடை. வேறு தட்சிணை எதுவும் அவர் கேட்கவில்லை.

1931-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் மகேஷ்வரி டி.எஸ்சி. பட்டம் பெற்றார். ஆக்ரா, அலகாபாத், லக்னோ என்று ஆசிரியப் பணி தொடர்ந்தது. 1939-இல் டாக்கா பல்கலைக்கழகம் சென்று பத்தாண்டுகள் அங்கே கற்பித்தார். நாடு இரண்டாகப் பிரிந்தபின் 1949-இல் டில்லிப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறைக்குத் தலைவரானார். டில்லிப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர் சர் மாரிஸ் குவயர் அவரை அழைத்திருந்தார்.

அவர் என்னதான் ஆராய்ந்தார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சூலுக்குள் இருக்கும் கருப்பையில் ஏழு செல், எட்டு உட்கரு என்று பரீட்சைக்கு நாம் உருப்போடுகிறோம். மகரந்தக் குழல் கொண்டுவரும் இரண்டு ஆண் கேமீட்டுகளில் ஒன்று அண்டத்தோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நடுவிலுள்ள உட்கருக்களோடு சேர்ந்து கருவூண் ஆகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் கீவ் நகரத்து நவாஷின் என்பவர் அல்லிக் குடும்பச் செடிகளில் கண்டறிந்தார். ஆனால் எல்லாச் செடியும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சிலவற்றின் கருப்பையில் நான்கே உட்கருக்கள்; சிலவற்றில் பதினாறு. மெழுகில் பதித்த சூலை மைக்ரோட்டோம் கருவியால் காகிதத்தினும் மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு சீவலாகப் பார்த்தால்தான் இது தெரியும். கண்ணும் இடுப்பும் நோகும் வேலை!

இந்த வேற்றுமைகளைக் கொண்டு எந்தச் செடி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும் முடிவு செய்யலாம் என மகேஷ்வரி வற்புறுத்தினார். குளங்களில் விளையும் சிங்காரக் கிழங்கு என்னும் நீர்க்கொட்டையை முன்னர் ஒனக்ரேசி குடும்பத்தில் வைத்திருந்தார்கள். அக்குடும்பத்தின் அடையாளம் நான்கு உட்கருக் கருப்பை. நீர்க்கொட்டைக்கோ எட்டு. ஆகவே அது அந்த வீட்டுப் பிள்ளை அல்ல என்று வெளியேற்றப்பட்டது. உலகெங்கும் சிதறிக் கிடந்த இத்தகைய செய்திகளைத் திரட்டி 1950-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட பூக்கும் தாவரக் கருவியல் நூல் பல நாட்டு மாணவர்களுக்கும் பாடமாயிற்று. நம் சென்னை மாநிலக் கல்லூரியிலும் அக்காலத்தில் பி.ஜி.எல். சுவாமி என்ற பேராசிரியர் இதே துறையில் புகழ் பெற்றிருந்தார். அவர் கன்னடத்தில் நூல்கள் எழுதி சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர் என்பது உபரிச் செய்தி.

பார்ப்பதோடு நின்றுவிடாமல், கருவுறுதலைத் தம் கையாலேயே நடத்திக் காட்டவும் மகேஷ்வரி முனைந்தார். பாலாற்றங்கரையிலும் தரிசு நிலங்களிலும் முள் இலையும் மஞ்சள் பூவுமாக நிற்குமே பிரமதண்டு, அதுவும் இந்தச் சோதனையில் இடம்பெற்ற செடிகளுள் ஒன்று. வழக்கமாக மகரந்தம் சூலகமுடியில் விழுந்து, தண்டின் வழியே குழல் விட்டு இறங்க வேண்டும். மகேஷ்வரியும் அவருடைய மாணவி குசும் காந்தாவும் சூலகப்பையின் சுவரில் இரண்டு துளையிட்டார்கள். ஒன்றின் வழியே மகரந்தம் கலந்த திரவத்தை ஊசியால் செலுத்தினார்கள். மற்றது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்கு. விதை பிடித்தது! 1961-இல் இது வெளியாயிற்று.

அடுத்த ஆண்டே, ரங்கசுவாமி என்ற ஆய்வாளரும் சேர, கசகசாச் செடியின் சூல்களைத் தனியே எடுத்துச் சோதனைக்குழாயில் வைத்து, அவற்றின் மேலேயே மகரந்தத்தைத் தூவினர். குழாய்க்குள்ளேயே கருவுற்று விதை முதிர்ந்தது. குருமாவுக்கு அரைக்கிறோமே, அதே கசகசாதான். சோதனைக்குழாய்க் குழந்தை என்று உலகமே வியந்த முதல் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது 1978-இல். மனிதக் கருவின் கதை வேறு, செடியின் கதை வேறுதான். ஆயினும் அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே டில்லியில் ஒரு பெண் ஆய்வாளர் இதைச் செய்து காட்டினார் என்பதில் நமக்குப் பெருமை இருக்காதா?

1965-இல் லண்டன் ராயல் சொசைட்டி மகேஷ்வரியைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியத் தாவரவியலாருள் பீர்பால் சாஹ்னிக்குப் பிறகு இப்பெருமை இவருக்கே கிடைத்தது. என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய ஆண்டு அவர் செய்து முடித்த வேலையையே பெரிதென்பேன். தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் 1964-இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று முதன்முதலாக வெளியிட்ட உயிரியல் பாடநூல் இவர் தலைமையில் உருவானதே. அவ்வளவு பெரிய விஞ்ஞானி, பள்ளிப் பிள்ளைகளுக்கு எது புரியும், எந்தப் படம் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். டட்ஜனுக்குக் கொடுத்த வாக்கு கல்லூரி வாசலோடு நிற்கவில்லை.

1964-இல் அவர் தலைமை தாங்கிய துறையில் இன்னொரு அதிசயமும் நடந்தது. சிப்ரா குஹா என்ற ஆய்வாளர் ஊமத்தைப் பூவின் மகரந்தப்பைகளைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துவந்தார். சில நாட்களில் பைக்குள்ளிருந்து குட்டிக் கருக்கள் எட்டிப்பார்த்தன! அண்டமும் இல்லை, கருவுறுதலும் இல்லை. பின் இவை எங்கிருந்து வந்தன? மகரந்தத்திலிருந்தா, பையின் சுவரிலிருந்தா? ஊமத்தையின் மற்றச் செல்களில் குரோமோசோம்கள் 24. மகரந்தத்தில் 12 மட்டுமே. ஆகவே எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மகரந்தமே கருவாகிறது என்ற முடிவு குஹா, பஞ்சானன் மகேஷ்வரியின் மகன் சதீஷ் சந்திர மகேஷ்வரி இருவர் பெயரிலும் 1966 அக்டோபரில் ஆங்கில விஞ்ஞான இதழான நேச்சரில் வெளிவந்தது.

அச்சில் அதைக் காண பஞ்சானன் மகேஷ்வரி இல்லை. அவ்வாண்டு மே 18-ஆம் நாள், தம் 61-ஆம் வயதில், டில்லியில் காலமாகிவிட்டார். சிப்ரா குஹா பின்னாளில் டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாகி, தாமும் பல மாணவர்களை உருவாக்கினார். அவர்கள் கண்ட வழியில் மகரந்தத்திலிருந்து செடி வளர்த்து, அதன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினால், பல தலைமுறைகள் காத்திராமலே தூய வழி விதை கிடைக்கிறது. சீன நாட்டில் நெல், கோதுமை ரகங்கள் பலவும் இம்முறையில் உருவாக்கப்பட்டிருக்கின்றன.