பத்து காஜாவிலிருந்து வீடு திரும்பிய தந்தை: லிம் போ செங்

1946ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி. சிங்கப்பூர் நகர மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் முடிந்ததும், லிம் போ செங்கின் உடல் எச்சங்கள் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய குன்றில் முழு ராணுவ மரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பட்டன. ஊருக்கு அவர் போர் மாவீரர். கான் சூ நியோவுக்கு அவர் கணவர். ஏழு பிள்ளைகளுக்கோ, ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுப் போன அப்பா.

சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் 1909ஆம் ஆண்டு பிறந்தவர் லிம். பதினாறாவது வயதில் சிங்கப்பூருக்கு வந்து ராஃபிள்ஸ் கல்விக் கழகத்தில் படித்தார். பிறகு ஹாங்காங் பல்கலைக்கழகம் சென்றார். கட்டட ஒப்பந்தக்காரரான தந்தை 1929இல் இறந்துவிட, இருபது வயதில் குடும்பத் தொழிலைத் தோளில் சுமந்தார். செங்கல், பிஸ்கட் தொழில்கள் அவர் பொறுப்பில் வளர்ந்தன. 1930இல் கான் சூ நியோவை மணந்தார். எட்டுக் குழந்தைகள் பிறந்தன; ஒன்று கைக்குழந்தையாகவே இறந்துபோனது.

வசதியான வாழ்க்கைதான். ஆனால் 1937இல் ஜப்பான் சீனாமீது படையெடுத்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கத்தில் இறங்கினார். நிவாரண நிதி திரட்டினார். திரெங்கானுவின் டுங்கூனில் ஜப்பானியருக்குச் சொந்தமான இரும்புச் சுரங்கத்தை விட்டுச் சீனத் தொழிலாளர்கள் வெளியேறியதிலும் அவருக்குப் பங்குண்டு.

அதனால், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழும் நிலை வந்தபோது, ஜப்பானியர் முதலில் தேடக்கூடியவர்களில் ஒருவராக அவர் இருந்தார். மனைவி மக்களை விட்டுவிட்டு, சரணடைவுக்குச் சில நாள்களுக்கு முன் சுமத்ரா வழியாக இந்தியா போய்ச் சேர்ந்தார். அதுவே கடைசிப் பிரிவு என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கான் சூ நியோ செயின்ட் ஜான்ஸ் தீவில் மறைந்து வாழ்ந்தார்.

லிம் பாதுகாப்பான இடத்தில் இருந்துவிடவில்லை. பிரிட்டிஷாரின் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136இல் சேர்ந்து, மலாயாவுக்குள் அனுப்புவதற்கான ஆள்களைத் திரட்டினார். 1943 நவம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் பேராக் கடற்கரைக்கு வந்து இறங்கினார். டான் சூன் லிம் என்ற பெயரில் வணிகராக நடமாடினார். 1944 மார்ச்சில் உளவு வலை சிதைந்தது, அவரும் பிடிபட்டார்.

கெம்பெய்தாய் எனும் ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைச் சித்திரவதை செய்தது. கூட்டாளிகளின் பெயர்களை அவர் சொல்லவில்லை. பத்து காஜா சிறையில் வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு, 1944 ஜூன் 29ஆம் தேதி உயிர் நீத்தார். வயது 35. சிறைக்குப் பின்புறம் பெயர் எழுதாத குழியில் புதைக்கப்பட்டார்.

அந்தச் செய்தி போர் முடிந்த பிறகே மனைவிக்குக் கிடைத்தது. மூத்த மகனை அழைத்துக்கொண்டு கணவரின் எச்சங்களை எடுத்துவரப் புறப்பட்டார். வழியில் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் மக்கள் அஞ்சலி செலுத்தினர். 1945 டிசம்பர் 7ஆம் தேதி ரயிலில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த எச்சங்கள், ஒரு மாதத்திற்கும் மேலாக நல்லடக்கத்திற்குக் காத்திருந்தன.

லிம் தம் நாட்குறிப்பில் மனைவிக்குச் சில வரிகள் எழுதி வைத்திருந்தார். தமக்காகத் துக்கப்பட வேண்டாம், தமது தியாகத்தை எண்ணிப் பெருமைப்பட வேண்டும், பிள்ளைகளை வளர்ப்பதில் மனத்தைச் செலுத்த வேண்டும் என்பது அவற்றின் சாரம். எழுதுகிறவருக்கு அது கடமை. ஏழு பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்ணுக்கு, அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு பாரம்! சீனத் தேசியவாத அரசு மறைவுக்குப்பின் வழங்கிய மேஜர் ஜெனரல் பட்டமும் அந்தப் பாரத்தை இறக்கி வைத்திருக்காது.

அந்தத் துயரம் நம்மவர்களுக்கும் அந்நியமானதல்ல. அதே ஜப்பான் காலத்தில் தோட்டப்புறங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. அவர்களின் குடும்பங்களுக்கு ராணுவ மரியாதை வேண்டாம், அடக்கம் செய்ய ஒரு பிடி எலும்புகூடக் கிடைக்கவில்லை. கான் சூ நியோவுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், கணவர் கிடக்கும் இடம் தெரியும் என்பதுதான்.

லிம் மறைந்து சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 1954 ஜூன் 29ஆம் தேதி எஸ்பிளனேட் பூங்காவில் அவருக்கு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. நான்கு வெண்கலச் சிங்கங்கள் காவலிருக்கும் எண்கோணக் கோபுரம் அது. 2010இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அவரது வாழ்க்கைக் குறிப்பு அங்கே ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்திலான மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று படிக்கலாம்; படிக்கும்போது அந்த ஏழு பிள்ளைகளையும் அவர்களின் தாயையும் நினைத்துக்கொள்ளலாம்.