வல்லநாட்டுத் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தவர்



இந்த மாதம் சுவர் இதழுக்கு நம்ம மாவட்டத்துத் தலைவர் ஒருவரைப் பத்தி எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க. எல்லாரும் வ.உ.சி., பாரதியார், கட்டபொம்மன்னு எடுத்துக்கிட்டாங்க. நான் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்களைப் பத்தி எழுதுகிறேன். ஏன் அவரை எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் சமூக அறிவியல் பாடவேளையில் சார் ஒரு கேள்வி கேட்டாங்க. ஒரு ஊர் பெரிய நகரம் ஆகணும்னா முதலில் என்ன வேணும் என்பதுதான் கேள்வி. ஒருத்தி துறைமுகம் என்றாள். இன்னொருத்தி ரயில் என்றாள். பையன்கள் பெரிய மில்லு, நாலு வழிச் சாலை, விமான நிலையம் என்று சொன்னார்கள். நான் எழுந்து, வீட்டுப் பக்கத்துல நல்ல தண்ணிக் குழாய் வேணும்னு சொன்னேன். வகுப்பே சிரிச்சிட்டு. அன்னைக்கு நான் தண்ணி பிடிச்சிட்டு வந்ததால பள்ளிக்கூடத்துக்கு லேட். அதனாலதான் சிரிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துட்டு. சார் மட்டும் சிரிக்கவில்லை. குரூஸ் பர்னாந்து அவர்களைப் பத்தித் தெரிஞ்சுக்கோன்னு சொன்னாங்க.

குரூஸ் பர்னாந்து 1869-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி தூத்துக்குடியில் பிறந்தார். எங்களைப் போல கடற்கரை மக்களில் ஒருவர். அவர் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே, 1866-இல் தூத்துக்குடி நகராட்சி ஆகிவிட்டது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, 1876-இல் ரயில் வந்தது. துறைமுகத்தில் இருந்து கொழும்புக்குக் கப்பல் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான ஜனங்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். பிறகு வெள்ளைக்காரர்களின் பஞ்சாலையும் வந்தது. 1901-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் ஊரில் 28,048 பேர் இருந்தார்கள்.

இதைப் படிச்சதும் எனக்கு ஆச்சரியமா இருந்தது. துறைமுகம், ரயில், மில்லு என்று எங்க வகுப்பில் சொன்ன பதிலில் பாதி அப்பவே தூத்துக்குடியில் இருந்திருக்கு. முத்தும் இருந்தது, உப்பும் இருந்தது. ஆனா அந்த ஊரில் குடிக்க நல்ல தண்ணி இல்லை!

காரணம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கடல் ஓரத்தில் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணிதான் ஊறும். மழையும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு. மத்த மாதங்களில் வெயில்தான். உப்பு விளைய அந்த வெயில் நல்லது, தண்ணிக்கு நல்லதில்லை. கடம்பூரில் இருந்து ரயிலில் தண்ணி வந்த காலம் உண்டு என்று பெரியவங்க சொல்லுவாங்க. அப்படி வந்தால் எத்தனை வீட்டுக்குப் போதும்? காசு உள்ளவங்க வாங்கிக்கிடுவாங்க. இல்லாதவங்க வீட்டுப் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிட்டு அலைஞ்சிருப்பாங்க.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் 1909-இல் குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவர் ஆனார். அது வ.உ.சி. சிறையில் இருந்த காலம். ஒரு தடவை மட்டும் இல்லை, மொத்தம் ஐந்து தடவை அவர் தலைவராக இருந்தார்.

உப்பு ஊருக்கு நல்ல தண்ணி எங்கே இருந்து வரும்? பக்கத்தில் வற்றாத ஆறு தாமிரபரணிதான். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. ஆனா ஆறு தூத்துக்குடி டவுனுக்குள் வரவில்லை. அதனால் வல்லநாட்டில் ஆற்றுத் தண்ணீரை எடுத்து, அங்கே இருந்து தூத்துக்குடி வரைக்கும் குழாய் பதித்துக் கொண்டுவருவது என்று திட்டம் போட்டார்கள். வல்லநாடு என்றால் நமக்கு வெளிமான் சரணாலயம்தான் ஞாபகம் வரும். அங்கே இருந்து தூத்துக்குடி 25 கிலோமீட்டருக்கும் மேல. இப்ப பஸ்ஸில் போனாலே ஒரு தூக்கம் போட்டுவிடலாம். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் குழாய் பதிப்பது சின்ன வேலையா? நகராட்சிக்கு வருமானம் வரிப்பணம்தான். மன்றத்தில் சம்மதம் வாங்கணும், மேலே அரசாங்கத்தில் அனுமதி வாங்கணும்.

1927-இல் வல்லநாட்டுத் தண்ணீர் தூத்துக்குடிக்கு வந்தது. அவர் முதல் தடவை தலைவர் ஆன வருடத்தில் இருந்து கணக்குப் பார்த்தால் 18 வருடம். எனக்கு இப்ப 14 வயசுதான் ஆகுது. என் வயசை விட அதிகம்! அப்ப அவருக்கு வயது 58-ஐ நெருங்கியிருந்தது. அந்த முதல் நாளை நான் கண்ணை மூடி நினைச்சுப் பார்த்தேன். குழாயைத் திறந்ததும் தண்ணி கொட்டியிருக்கும். எத்தனை ஆச்சிமார் கையில் ஏந்திக் குடிச்சு, உப்புக் கரிக்கலையேன்னு பார்த்திருப்பாங்க!

அடுத்த மூன்று வருடத்துக்குள், 1930-இல் அவர் காலமானார்.

இதை எழுதும்போது என் தோழி ஒரு கேள்வி கேட்டாள். ராவ் பகதூர் என்பது வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம்தானே, வ.உ.சி. செக்கிழுத்த ஊரில் இவரை எப்படித் தலைவர்னு சொல்லலாம் என்றாள். (வ.உ.சி. செக்கிழுத்தது கோயம்புத்தூர் சிறையில் என்று நான் அவளைத் திருத்தினேன்.) ஆனா கேள்வி நியாயமான கேள்விதான். ரெண்டு நாள் யோசிச்சேன். வ.உ.சி. நாட்டுக்காகக் கப்பல் விட்டார், சிறைக்குப் போனார். அதுக்கு ஈடு கிடையாது. ஆனா சுதந்திரம் வாங்குற வரைக்கும் ஜனங்க குடிக்காம இருக்க முடியாதே. யாராவது ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வேலையையும் பார்க்கணும். அதை இவர் பார்த்தார். தூத்துக்குடிக்காரங்க ரெண்டு பேரையும் மறக்கவில்லை. அவரை நகரத் தந்தை என்று சொல்லுகிறார்கள். டவுனுக்குள் சிலை இருக்கு. 2023-இல் ரோச் பூங்காவில் மணிமண்டபமும் திறந்தாங்க.

அதே 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தூத்துக்குடித் தெருவெல்லாம் தண்ணி. ஆனா குடிக்கத் தண்ணி கிடைக்காம ஜனங்க பட்ட பாடு கொஞ்சமில்லை. சுத்தித் தண்ணி இருந்தாலும் குழாய்த் தண்ணி இல்லைன்னா ஊர் நின்னுபோகும்னு அப்ப எல்லாருக்கும் புரிஞ்சது. 2011 கணக்குப்படி தூத்துக்குடி மாநகராட்சியில் 2,37,830 பேர். 1901-இல் இருந்ததைப் போல எட்டு மடங்கு. இன்னைக்கும் வல்லநாட்டில் இருந்துதான் தண்ணி வருது. நாலாவது குழாய்ப் பாதை வரைக்கும் போட்டாச்சு. வழி காட்டினது அந்த முதல் குழாய்தான்.

நம்ம கீழவைப்பாரிலும் ஆறு இருக்கு. ஆனா வைப்பாற்றில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மணல்தான். எங்க அப்பா வள்ளத்தில் போகும்போது சோத்துச் சட்டியை மறந்தாலும் தண்ணிக் கேனை மறக்க மாட்டாங்க. கடல் முழுக்கத் தண்ணி இருந்தும் ஒரு கை அள்ளிக் குடிக்க முடியாது. கரையில் நாலு குடம் வைக்கிற தள்ளுவண்டியை நானும் அம்மாவும் தள்ளுகிறோம். உங்களில் பல பேரும் தள்ளுறீங்க, எனக்குத் தெரியும். வண்டி தள்ளினதால லேட்டா வந்தா அதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை என்று இப்ப நினைக்கிறேன்.

ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது ஆகணும். தமிழ்நாட்டில் பாதி இடம் பெண்களுக்கு. எனக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கு. யார் கண்டா? அதுவரைக்கும் நாம எல்லாரும் செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டு கழுவிட்டுப் பள்ளிக்கூடக் குழாயை மறக்காமல் மூடுங்க. அது சொட்டுறதைப் பார்த்தா எனக்குத் தாங்காது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி