வாசற்படி தாண்டிய மனிதர்: மதுரை அ. வைத்தியநாத ஐயர்



தேர்தல் வந்துவிட்டால் நம் தெருக்களில் நடப்பது என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அண்ணன் ஒரு கட்சி, தம்பி மறு கட்சி. ஞாயிற்றுக்கிழமை ஒரே பீடத்துக்கு முன் முழங்காலிட்டவர்கள், பூசை முடிந்து வாசற்படி இறங்கியதும் ஒருவரையொருவர் காணாததுபோல் போகிறார்கள். வாக்குப்பதிவு முடிந்து மாதங்கள் பல சென்றாலும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு மறு வீட்டார் வருவதில்லை. இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஒருவேளை அது உங்கள் குடும்பமாகவே இருக்கலாம்.

ஆகவே இந்த வாரம், நம் மதுரையிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறோம். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர். நெற்றியில் திருநீறு அணிந்த சைவப் பிராமணர். ஆயினும் மாறுபட்ட மனங்களை எப்படி அணுகவேண்டும் என்பதில் நமக்கும் ஆசிரியராக இருக்கத் தக்கவர். அவர்தாம் அ. வைத்தியநாத ஐயர்.

தஞ்சை மாவட்டத்தில் விஷ்ணம்பேட்டை என்னும் சிற்றூரில் 1890ஆம் ஆண்டு மே மாதம் அவர் பிறந்தார். தந்தையார் அருணாசலம் ஐயர். குடும்பம் பின்னர் மதுரைக்கு வந்தது. சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும் மதுரைக் கல்லூரியிலும் படித்து, சட்டம் பயின்று, மதுரையில் பெயர்பெற்ற வழக்கறிஞரானார். கைநிறைய வருமானம், ஊரில் மதிப்பு, உறவினர் சூழ்ந்த வீடு என்று எல்லாம் இருந்தன. அப்படியே வாழ்ந்து முடித்திருந்தால் யாரும் அவரைக் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். நாமும் இன்று அவரை நினைத்திருக்க மாட்டோம்.

காந்தியடிகள் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இதே மதுரையில்தான் மேலாடையைத் துறந்து ஏழையின் உடையை ஏற்றார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் காலத்தில் வீசிய காற்று வைத்தியநாத ஐயரையும் தொட்டது. காங்கிரஸில் சேர்ந்தார். 1930ஆம் ஆண்டில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரை நடத்தியபோது இவரும் அந்தப் போராட்டத்தில் இறங்கிப் போலீசாரின் அடியைத் தாங்கினார், சிறை சென்றார். அவருடைய மனைவியார் அகிலாண்டம்மாளும் நாட்டுக்காகச் சிறை சென்றவரே. கணவன் ஒரு வழியும் மனைவி ஒரு வழியுமாக இல்லாமல், வீடு முழுவதும் ஒரே கொள்கையில் நின்றது என்பதை நம் தாய்மார்கள் கவனிக்கவேண்டும்.

ஆனால் அந்நியரை எதிர்ப்பது ஒன்று. சொந்த மக்களிடம் குறையை எடுத்துச் சொல்வது மற்றொன்று. இரண்டாவதே கடினமானது. ஹரிஜன சேவா சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைவராக அவர் பல்லாண்டு பணியாற்றினார். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதிகள் அமைய உழைத்தார். அந்தப் பிள்ளைகள் அவர் வீட்டுக்குள் தடையின்றி வந்து போனார்கள், அங்கேயே உண்டார்கள். மேலூருக்கு அருகே தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் என்னும் இளைஞரை அவர் பெற்ற மகனைப்போல் நடத்தினார். அந்தக் கக்கன்தான் பின்னாளில் நாட்டின் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராகவும், சென்னை மாநிலத்தில் மந்திரியாகவும் விளங்கி, கறைபடாத கைகளோடு வாழ்ந்து மறைந்தவர்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம்.

மதுரையின் நடுவே மீனாட்சி அம்மன் கோயிலின் கோபுரங்கள் ஓங்கி நிற்கின்றன. சுற்றிலும் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஊரே அதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் கோபுரத்தின் நிழலில் பாடுபட்டு உழைத்த மக்களில் பல்லாயிரவருக்கு உள்ளே நுழைய உரிமை இல்லாதிருந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமல்ல, நாடார் வகுப்பினருக்கும் அந்நாளில் வாசல் அடைத்தே இருந்தது.

இந்தத் தடையைத் தகர்க்க முன்னரும் முயற்சிகள் நடந்தன. இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த கமுதியில் 1897ஆம் ஆண்டு நாடார்கள் சிலர் கோயிலுக்குள் சென்றார்கள். வழக்கு வந்தது. மதுரையிலும் சென்னையிலும் நடந்து, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ஆம் ஆண்டு அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899ஆம் ஆண்டு சிவகாசியில் பெருங்கலகம் மூண்டு, வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. நெருப்பாலும் ஆகவில்லை, நீதிமன்றத்தாலும் ஆகவில்லை. மனங்கள் மட்டும் இன்னும் இறுகின.

வைத்தியநாத ஐயர் வழக்கறிஞர். சட்டத்தின் பலமும் அவருக்குத் தெரியும். அதன் எல்லையும் தெரியும். ஆகவே முதலில் ஜனங்களின் மனத்தைத் தேடிப் போனார். ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. கோயிலுக்குள் செல்லும் உரிமையுள்ள சாதியாரிடமே போய், அந்த உரிமையைப் பகிர்ந்துகொள்ளும்படி கேட்டார்கள். 1939ஆம் ஆண்டில் மதுரையில் ஆலயப் பிரவேச மாநாடு ஒன்றும் நடைபெற்றது. வடநாட்டிலிருந்து ராமேசுவரி நேரு அம்மையார் வந்து கலந்துகொண்டார். மதுரை காந்தி என்று பெயர்பெற்ற என்.எம்.ஆர். சுப்பராமன் போன்ற ஊர்ப் பெரியவர்கள் தோள்கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றை நீங்கள் ஊன்றிப் பார்க்கவேண்டும். அந்த 1939ஆம் ஆண்டு அரசியல் அமைதியாக இருந்த காலமன்று. காங்கிரஸ் மந்திரிசபைக்கு ராஜாஜி தலைமை வகித்தார். பள்ளிகளில் இந்தி வந்ததை எதிர்த்துப் பெரியார் ஈ.வெ.ரா. முதலானோர் சிறை சென்றிருந்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே பிளவு. சுபாஷ் சந்திர போஸ் அவ்வாண்டு மே மாதம் பார்வர்டு பிளாக்கைத் தொடங்கினார். நம் பகுதியில் போஸின் பக்கம் நின்றவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீக்காத ராஜாஜி அரசின்மீது அவருக்குக் கடும் மனத்தாங்கல் இருந்தது. வைத்தியநாத ஐயரோ காந்தி, ராஜாஜி பக்கத்தவர். இருவரும் விலகி நிற்க வேண்டிய காரணங்கள் அத்தனையும் இருந்தன. ஆயினும் ஆலயப் பிரவேசம் என்ற இந்த ஒரு காரியத்தில் தேவர் ஐயருக்கு ஆதரவாக நின்றார். குழப்பம் விளைவிக்க எண்ணியவர்களை எச்சரித்தார். மற்ற விஷயங்களில் கருத்து வேற்றுமை அப்படியே இருந்தது. எல்லாவற்றிலும் ஒத்துப்போனால்தான் ஒரு நன்மையில் கைகோக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, சனிக்கிழமை காலை. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரும், நாடார் வகுப்பினர் ஒருவரும் வைத்தியநாத ஐயருடன் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். ஐவரில் கக்கனும் ஒருவர். நாடார் வகுப்பினர் விருதுநகர் சண்முக நாடார். மேளதாளமில்லை, கோஷமில்லை. கோயிலின் நிர்வாக அதிகாரியாயிருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். மற்ற பக்தர்களைப் போலவே அவர்களும் வணங்கித் திரும்பினார்கள். பல நூற்றாண்டுகளாக அடைத்திருந்த வாசல் ஒரு காலைப் பொழுதில் திறந்தது.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று நாம் எழுதினால் அது உண்மையாகாது. பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். வழக்கறிஞர் நடேச ஐயர் தலைமையில் சனாதனிகள் வழக்குத் தொடுத்தார்கள்; கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டு, ஒரு வீட்டிலேயே மீனாட்சிக்கு வழிபாடு ஏற்படுத்திக்கொண்டார்கள். முன்னறிவிப்பின்றி நடந்ததும், சட்டம் வருமுன்னே நடந்ததும் முறையன்று என்பது அவர்கள் வாதம். ராஜாஜி அரசு அவ்வாண்டிலேயே, ஆலயங்களைத் திறந்துவிட வகைசெய்தும், திறந்தவர்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு அளித்தும் சட்டம் கொண்டுவந்தது. நடந்து முடிந்த காரியத்தைக் காக்கப் பின்னால் சட்டம் செய்யலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நாம் இகழ வேண்டியதில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக நின்றவர்களை இன்னும் எத்தனை காலம் நிற்கச் சொல்வது என்ற கேள்வியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இந்த எதிர்ப்பெல்லாம் யாரிடமிருந்து வந்தது? ஐயரின் சொந்த சாதியாரிடமிருந்து, அவரோடு ஒரே நீதிமன்றத்தில் வாதாடியவர்களிடமிருந்து, உறவினரிடமிருந்து. சாதியை விட்டே அவரைத் தள்ளிவைத்தார்கள். நல்லது கெட்டதுகளில் உறவு விலகியது. நம்மில் பலருக்கு ஊரார் பகையைக்கூடத் தாங்க முடியும். உற்றார் முகம் திருப்புவதைத் தாங்க முடியாது. அவர் தாங்கினார். ஏசியவர்களை ஏசவில்லை. தாம் பிறந்த குலத்தின் ஆசாரங்களையும் பக்தியையும் விட்டுவிடவுமில்லை. தம் மதத்தை நேசித்த காரணத்தினாலேயே அதிலுள்ள குறையைத் தீர்க்க முயன்றார். ஆகையால் அவரை நாத்திகர் என்றோ, வெளியார் என்றோ தள்ளிவிட எதிரிகளால் முடியவில்லை.

மீனாட்சி கோயில் திறந்தபின் அழகர்கோயில், திருப்பரங்குன்றம், பழனி முதலிய பெரிய கோயில்களின் வாசல்களும் தொடர்ந்து திறந்தன. முன்னர் மதுரைக்கு வந்தபோதெல்லாம் இந்தக் கோயிலுக்குள் போகாதிருந்த காந்தியடிகள், 1946ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதன்முறையாக உள்ளே சென்று வணங்கினார். 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தீண்டாமையையே ஒழித்தது. வீட்டில் தனி வழிபாடு நடத்தியவர்களின் பிடிவாதமும் சில ஆண்டுகளில் தளர்ந்தது. பட்டர்கள் கோயிலுக்குத் திரும்பினார்கள்.

வைத்தியநாத ஐயர் 1946ஆம் ஆண்டு மேலூர்த் தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1952 வரை பணியாற்றினார். 1955ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி காலமானார். இந்திய அரசு 1999ஆம் ஆண்டில் அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

வாசகர்களே, இது அடுத்த வீட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீட்டிலும் இப்படி வாசல்கள் இருந்தன. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் நம் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நிறுத்தச் சுவர் இருந்தது. 1910ஆம் ஆண்டில்தான் அது இடிக்கப்பட்டது. அதற்கும் வழக்கு நடந்தது, அதற்கும் மனத்தாங்கல் வந்தது. கல்லால் கட்டிய சுவரை இடித்தாயிற்று. ஆனால் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் இன்னார்க்கு இந்தப் பக்கம் என்ற ஏற்பாடும், திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் போகலாம் என்ற சச்சரவும் இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. மற்றவர் கோயில் வாசல் திறந்ததைப் பாராட்டும் நாம், நம் வாசலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நியாயம்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? பெரிய மாநாடு கூட்ட நம்மால் ஆகாது. ஆனால் வைத்தியநாத ஐயர் நடந்த பாதையில் சில அடிகள் நாமும் வைக்கலாம். மாறுபட்ட கருத்துள்ளவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவதை விட்டு, அவரிடமே போய்ப் பேசலாம். அவர் சொல்வதை முழுவதும் கேட்டபின் நம் பதிலைச் சொல்லலாம். தெருவுக்குக் குடிதண்ணீர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கண்மாய்க்குத் தூர்வாருதல் போன்ற பொதுக் காரியங்களில் கட்சி பாராமல் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். கிராமசபை கூடும்போது வீட்டில் உட்கார்ந்து குறைசொல்லாமல் போய் உட்காரலாம். உண்மையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை; ஐயர் விட்டுக்கொடுக்கவில்லை. மரியாதையை மட்டும் விட்டுவிடக்கூடாது.

இன்று பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில், போன தேர்தலிலிருந்து நீங்கள் பேசாதிருக்கும் அந்த ஒருவரின் வீடு இருக்கக்கூடும். உள்ளே போக முதல் அடியை அவர் வைக்கட்டும் என்று இருவரும் காத்திருக்கிறீர்கள். வாசற்படி உயரமானதன்று. பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.